தொழிலாளிக்காகப் பேசியவர்: பி. பி. நாராயணன்

பால் மரம் வெட்டும் தொழிலாளி ஒருவர், நிறுவையில் தம் பால் குறைத்து எழுதப்பட்டுள்ளது என்று எண்ணுகிறார் என வைத்துக்கொள்வோம். இன்று அவர் என்ன செய்வார்? கிளைச் செயலாளரிடம் சொல்வார். செயலாளர் நாளையும் நிரை எண்ணையும் குறித்துக்கொண்டு அலுவலகத்திற்குச் செல்வார். அங்குத் தீராவிடில் சங்கத்தின் மாநில அலுவலகத்திற்குக் கடிதம் போகும். அங்கும் தீராவிடில் அரசாங்கத்தின் தொழிலுறவு இலாகாவுக்கு அது எட்டும். இவை யாவும் நமக்குச் சாதாரணமாகத் தோன்றுகின்றன. ஆனால் 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் இதே குறையைத் தொழிலாளிக்காக எடுத்துச் சொன்னவருக்கு வேலை போயிருக்கும். லயத்து வீடும் போயிருக்கும். சில வேளைகளில் கப்பலேற்றித் தாயகத்திற்கே அனுப்பப்பட்டிருப்பார்.

அந்த நிலை எவ்வாறு மாறியது? இத்திங்கள் பாடத்தில், கடல் கடந்து இந்நாட்டிற்கு வந்து, தொழிலாளரின் பேச்சாளராகவே தம் வாழ்நாளைக் கழித்த ஒருவரின் வரலாற்றின் வழியே இதனைக் காண்போம். அவரே பி. பி. நாராயணன். அவரைப் புரிந்துகொள்வதற்கு முன், அவருக்கு முன் பேசிய இருவரைப் பற்றியும் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

நம் முன்னோர் எவ்வாறு இங்கு வந்தனர் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதுதான். கங்காணி ஊருக்குச் சென்று உறவினரையும் அறிந்தவரையும் திரட்டி வருவார். அவ்வாறு வந்தவர் அக்கங்காணியின் கணக்கிலேயே கட்டுண்டு கிடந்தார். கூலி எவ்வளவு என்பதைத் தொழிலாளி கேட்டு நிர்ணயித்ததில்லை. 1928-ஆம் ஆண்டில், போக்குவரவு வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று அதிகாரிகள் கூடித் தரக்கூலி வகுத்தனர். அவர்களுள் தொழிலாளியின் பிரதிநிதி எவரும் இலர். இரண்டு ஆண்டுகளில் இரப்பர் விலை சரிந்தபோது, வகுத்த அக்கூலியும் வெட்டப்பட்டது. விலை விழுந்தால் கூலி உடனே விழும். விலை எழுந்தால் கூலி எழுவதற்குப் பல மாதங்கள் ஆகும். இது தோட்டப்புறத்தின் பழைய கதை.

1938-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இந்திய அரசாங்கம், உதவி பெற்றுக் கூலிகளாகக் குடிபெயர்வதைத் தடை செய்தது. அதனால் தோட்டங்களுக்குப் புதிய ஆட்கள் வருவது நின்றது. இருந்த தொழிலாளியின் மதிப்பு உயர்ந்திருக்க வேண்டும் அல்லவா? ஐரோப்பாவில் போர் மூண்டு, இரப்பரின் தேவையும் பெருகியது. அரிசி விலையோ ஏறியது. கூலி மட்டும் அதற்கேற்ப உயரவில்லை. இச்சூழ்நிலையில்தான் கிள்ளான் எழுந்தது.

கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் என்று ஓர் அமைப்பு இருந்தது. அதில் முன்னின்றவர்களுள் ஆர். எச். நாதன் ஒருவர். இவர் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவர். தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரின் குறைகளைக் கேட்டு, அவற்றைக் கோரிக்கைகளாக எழுதியதே இவர் செய்த பெரும்பணி. அக்கோரிக்கைகளை இன்று படிப்பவர் வியப்படைவர். கூலி உயர்வு அவற்றில் ஒன்றுதான். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். கொடுமை செய்யும் கிராணிமார் நீக்கப்பட வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளியும் நோயாளிக்கு முறையான மருத்துவமும் வேண்டும். கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்திற்கு வந்து போக உரிமை வேண்டும். சங்கம் அமைக்க அனுமதி வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது.

இந்தக் கடைசிக் கோரிக்கையைச் சிறியது என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை. காசு கொடுத்து வாங்கிய சைக்கிளின் மீது அமர்ந்து செல்லும் உரிமையைக் கேட்டவர்கள், தம்மை முதலில் மனிதராக மதிக்க வேண்டும் என்றே கேட்டனர். ஒரு காசு உயர்வை மறுப்பதற்கு முதலாளி விலை நிலவரத்தைக் காட்டலாம். சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்வதற்கு என்ன கணக்கைக் காட்ட முடியும்?

1941 மே திங்கள் முதல் வாரத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் பலர் வேலைக்குப் போக மறுத்தனர். வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. படையினர் அழைக்கப்பட்டனர், சிலாங்கூரில் அவசரநிலை பிரகடனமாயிற்று, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தொழிலாளிக்காகப் பேசிய ஒருவரின் கதை அவ்வாறு முடிந்தது. அவ்வாண்டு இறுதியில் ஜப்பானியர் வந்தனர். சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்களில் பலர் திரும்பவில்லை. அது தனியே படிக்க வேண்டிய பாடம்.

போர் முடிந்ததும் நாடெங்கும் தொழிற்சங்கங்கள் தோன்றின. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வேக் குடியிருப்புகளில் வாழ்ந்த தொழிலாளர் முதல் துறைமுகத்தில் மூட்டை தூக்கியோர் வரை யாவரும் சங்கம் பற்றிப் பேசினர். 1940-இலேயே இயற்றப்பட்டிருந்த தொழிற்சங்கச் சட்டம் 1946-இல் நடைமுறைக்கு வந்தது. ஜான் பிரேசியர் என்பவர் தொழிற்சங்க ஆலோசகராக இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டார். அவரும் இரயில்வேத் தொழிற்சங்கத்திலிருந்து வந்தவரே. மறுபுறம், பெருந்தொகையான சங்கங்களைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் வளர்ந்தது. கம்யூனிஸ்டு கட்சியின் செல்வாக்கு அதில் ஓங்கியிருந்தது. அதன் தலைவராயிருந்தவர் எஸ். ஏ. கணபதி. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து இங்கு வந்தவர். போர்க்காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றியவர்.

1948 ஜூன் திங்களில் இரு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடந்தன. தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டுச் சம்மேளனம் சட்டப்படி இயங்க முடியாமற் போயிற்று. நாட்டில் அவசரகாலமும் பிரகடனம் செய்யப்பட்டது. தலைமறைவாயிருந்த கணபதி, 1949 மார்ச் 1-ஆம் நாள் இரவாங் அருகே துப்பாக்கியுடன் பிடிபட்டார். அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்போருக்கு அவசரகாலச் சட்டத்தின்படி மரண தண்டனை. இந்தியாவிலிருந்து அவருக்காக முறையீடுகள் வந்தும் பயனில்லை. 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அரசியலை ஏற்பவரும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. ஆயினும் தோட்டப்புறத்தில் அச்செய்தி ஏற்படுத்திய அச்சத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சங்கம் என்ற சொல்லைச் சொல்லவே தொழிலாளர் தயங்கிய காலம் அது. சந்தா கட்டிய ரசீதை ஒளித்து வைத்தவர்களும் கிழித்து எறிந்தவர்களும் இருந்திருப்பர்.

இத்தகைய வேளையில், அஞ்சிய தொழிலாளரை மீண்டும் சங்கத்திற்குள் கொண்டுவரும் பணி இளைஞர் ஒருவரின் தோள்மீது விழுந்தது. பி. பி. நாராயணன் 1923-இல் கேரளத்தில் பிறந்தவர். 1938-இல், தம் பதினைந்தாம் வயதில் மலாயாவுக்கு வந்தார். கங்காணி வழியாக வரும் கூலிகளுக்குக் கதவு மூடப்பட்ட அதே ஆண்டு. அவர் கங்காணியால் கொண்டுவரப்பட்டவர் அல்லர். பெரும்பாலான உறுப்பினரைப் போலத் தமிழரும் அல்லர். தமிழ்த் தொழிலாளரின் பெருஞ்சங்கத்திற்கு மலையாளி ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செயலாளராயிருந்தார் என்பது நம் தோட்டப்புற வரலாற்றின் தனிச்சிறப்புகளுள் ஒன்று. 1946-இல் நெகிரி செம்பிலானில் தோட்டத் தொழிலாளருக்கான சங்கம் ஒன்றை அமைத்துச் செயலாளரானபோது அவருக்கு வயது 23.

நாதனுக்கும் கணபதிக்கும் நேர்ந்ததை அவர் கண்ணெதிரே கண்டவர். அவர் தேர்ந்துகொண்ட வழி வேறு. சங்கம் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அரசியல் கட்சி எதற்கும் கையாளாக இருத்தல் கூடாது. உறுப்பினரின் சந்தாவிலேயே நிற்க வேண்டும். முதலாளிகளின் சங்கத்தோடு நேரே அமர்ந்து பேசி, பேசியதை எழுத்தில் பெற வேண்டும். ஊர்வலத்தையும் வேலைநிறுத்தத்தையும் அவர் முற்றும் விலக்கிவிடவில்லை. ஆயினும் அவர் நம்பியது மேசையைத்தான். 1949-50-இல் உருவான எம்.டி.யு.சி.யின் முதல் தலைவர்களுள் அவரும் ஒருவர்.

அப்போது தோட்டத் தொழிலாளருக்கு மாநிலத்திற்கு ஒன்றாகவும் வட்டாரத்திற்கு ஒன்றாகவும் சங்கங்கள் சிதறிக் கிடந்தன. முதலாளிமாரோ ஒரே சங்கமாக இருந்தனர். சிலாங்கூர்த் தொழிலாளி ஒரு கூலியையும் ஜொகூர்த் தொழிலாளி மற்றொரு கூலியையும் கேட்டால், எதிரே அமர்ந்திருப்பவருக்கு எளிதல்லவா? பல மாதப் பேச்சுக்குப் பின் 1954-இல் ஐந்து சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. ஐந்து சங்கங்களின் தலைவர்களும் தத்தம் நாற்காலியை விட்டுக்கொடுத்தாலன்றி இது நடந்திராது. இச்செயலையே நாராயணன் வாழ்வின் மிகப் பெரிய சாதனையாக நாம் கருதுகிறோம். பின்னர் வந்த பட்டங்களையும் பதவிகளையும் அன்று. அச்சங்கத்தின் பொதுச் செயலாளராக அவர் 1996-இல் மறையும் வரை இருந்தார். நாட்டின் மிகப் பெரிய தொழிற்சங்கமாக அது நீண்ட காலம் விளங்கியது.

தொழிற்சங்க அதிகாரி என்பவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மேடையில் பேசுபவர் என்றே நினைக்கிறோம். மேடை மிகச் சிறு பகுதி. எஞ்சியதெல்லாம் கணக்கு. இரப்பர் விலை இன்று என்ன, சென்ற காலாண்டில் என்ன. ஒரு நிரையில் எத்தனை மரம். பழைய மரம் எவ்வளவு பால் தரும், இளமரம் எவ்வளவு தரும். மேட்டு நிலத்தில் காண்டாவாளி சுமப்பவருக்குக் கூடுதல் என்ன. ஒட்டுப்பாலுக்கும் கட்டிப்பாலுக்கும் தனியே என்ன கொடுப்பது. இவற்றில் எதையும் அறியாதவர் மேசைக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

விலையோடு இணைந்த கூலி முறையையே எடுத்துக்கொள்வோம். கொரியப் போர்க்காலத்தில், 1950-51-இல், இரப்பர் விலை வானளாவ உயர்ந்தது. பின்னர் விரைவில் விழுந்தது. விலை உயரும்போது கூலியும் உயர வேண்டும் என்று தொழிலாளர் கேட்டனர். அப்படியானால் விலை விழும்போதும் கூலி விழ வேண்டும் என்றனர் முதலாளிமார். விலையைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு கூலி என்று வகுப்பதே இதில் கண்ட வழி. அவ்வாறாயின் சங்கம் எதற்காகப் போராட வேண்டும்? மிகக் கீழ்ப் படியில் நிற்கும் கூலிக்காகத்தான். மேல்படிகள் நல்ல காலத்தில் தாமே வரும். விலை விழுந்த மாதத்தில் அடுப்பு எரிவது அந்தக் கீழ்ப்படியைப் பொறுத்தது. இந்த நுட்பத்தை உணர்ந்து வாதாடுவதே தொழிற்சங்க அதிகாரியின் திறமை எனலாம்.

மழையின் கணக்கு இன்னும் கடினமானது. விடியுமுன் எழுந்து, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போன பிறகு மழை பிடித்துக்கொண்டால் அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை. தவறு தொழிலாளியுடையதா? மரத்துடையதா? மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை இங்கிருந்தே பிறந்தது. இதனைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேசுவோம்.

வெளிநாடுகளிலும் இவ்வாறு புலம்பெயர்ந்து வந்தோரே தொழிலாளருக்குக் குரலாக நின்றிருக்கின்றனர். அயர்லாந்து நாட்டின் கெர்ரி மாவட்டத்திலிருந்து மைக் குவில் என்பவர் 1926-இல் அமெரிக்காவுக்குப் போனார். நியூயார்க் நகரின் சுரங்க இரயிலில் வேலை செய்தார். அவரைப் போன்றே அயர்லாந்திலிருந்து வந்தவர்கள் அங்கு ஏராளம். நீண்ட நேர வேலை, குறைந்த கூலி. 1934-இல் அவர் தம் தோழர்களுடன் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். 1966 ஜனவரியில் நியூயார்க்கில் பேருந்தும் இரயிலும் 12 நாள் ஓடவில்லை. அவ்வேலைநிறுத்தத்திற்காகச் சிறை சென்ற குவில், அது முடிந்த சில நாட்களில் மறைந்தார். குவில் நகரத்தையே நிறுத்திக் காட்டியவர். நாராயணன் அவ்வாறு செய்தவர் அல்லர். நியூயார்க்கில் இரயில் நின்றால் அன்று காலையே நகரம் முழுவதும் உணரும். தோட்டத்தில் உளி நின்றால் உணர்பவர் யார்? முதலில் உணர்வது லயத்து அடுப்புத்தான். இரு தலைவரையும் ஒப்பிடுவோர் இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

நாராயணனின் பெயர் வெளியுலகிலும் பரவியது. 1962-இல் சமூகத் தலைமைக்கான மக்சைசாய் விருது அவருக்குக் கிடைத்தது. 1975 முதல் 1992 வரை அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்தார். அப்பதவிக்கு வந்த முதல் ஆசியர் அவரே.

ஆனால் அவர் காலத்தில் தோட்டப்புறத்தையே உலுக்கிய துன்பம் ஒன்று மேசையில் தீரவில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். துண்டாடல் என்று நாம் சொல்வது இதுவே. நான்கு தலைமுறை வாழ்ந்த லயத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்க்குக் கூலி ஒப்பந்தத்தால் என்ன பயன்? இந்த நிலையில் துன் வீ. தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளரின் சிறு பங்குகளைச் சேர்த்து, கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார். தோட்டத் தொழிலாளர் சங்கமும் 1967-இல் கேட்கோ என்னும் நிறுவனத்தைத் தொடங்கித் தொழிலாளரின் பணத்தைத் திரட்டியது. நெகிரி செம்பிலானில் அது மேற்கொண்ட நிலத்திட்டம் இடர்ப்பட்டது. நிலம் கிடைக்கும் என்று நம்பிச் சென்று குடியேறியோர் அதற்காகப் பல்லாண்டு போராட நேர்ந்தது. கூலிக்கு வாதாடும் திறமை வேறு. வாணிபம் நடத்தும் திறமை வேறு. நாராயணனின் வரலாற்றை எழுதுவோர் இப்பகுதியைக் கடந்து போய்விடுவது நேர்மையாகாது என்பது நம் கருத்து.

அவர் மீது வேறொரு குறையும் சொல்லப்பட்டது. முதலாளிகளோடு மிகவும் இணங்கிப் போனார், இன்னும் கடுமையாக நின்றிருந்தால் மாதச் சம்பளம் முன்பே கிடைத்திருக்கும் என்றனர் சிலர். அவர் மறைந்தபோதும் பால் வெட்டுவோருக்கு முறையான மாதச் சம்பளம் இல்லை என்பது உண்மை. அதற்காகச் சங்கத்தினரும் மற்ற அமைப்பினரும் பின்னர் வீதியில் இறங்கவும் நேர்ந்தது. எனினும் 1949-இன் அச்சத்திலிருந்து தொழிலாளரை மீட்டு, துரைமார் எழுந்து வந்து பேச வேண்டிய நிலையை ஏற்படுத்தியவரை, அந்தக் காலத்தின் அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2011-இல் நிறைவேறியது. 2013 ஜனவரி முதல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்று விதிக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. எடைக்கும் நிரைக்கும் கூலி பெறுவோருக்கும் மாதக் கூலி அத்தொகைக்குக் குறையக் கூடாது என்பது இதில் நாம் முக்கியமாக நினைவிற் கொள்ள வேண்டியது. உங்கள் சம்பளச் சீட்டில் அதற்குக் குறைவான தொகை இருந்தால், சீட்டை எறிந்துவிடாமல் கிளைச் செயலாளரிடமோ தொழிலாளர் இலாகாவிலோ காட்டுங்கள். நியாயமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையிட வேண்டும்; அறுபத்தோராம் நாள் போனால் காலங்கடந்ததாகிவிடும். இதனை அறியாமல் வழக்கை இழந்தவர்கள் உண்டு.

பெட்டாலிங் ஜெயாவில் நாராயணன் பெயரைத் தாங்கிய சாலை ஒன்று இருக்கிறது. தோட்டங்களிலோ இப்போது செம்பனை மிகுந்துவிட்டது. காலையில் பெரட்டுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களும் கடல் கடந்து வந்தவர்களே. அவர்களையும் சங்க உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர்கள் மொழியில் அவர்களுக்குச் சொல்பவர் யார் என்பதைக் கிளைக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.